செடியின் ஒரு நாளைப் பத்து விநாடியில் பார்க்கலாம்: புதியவர்களுக்கு டைம்லேப்ஸ் படப்பிடிப்பு

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, மாடம்பாக்கம், முடிச்சூர் பகுதிகளில் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் மூன்று. பீர்க்கம் பிஞ்சு ஏன் மஞ்சளாகி உதிர்கிறது? நேற்று வரை நன்றாக இருந்த கத்தரிச்செடி ஏன் தொங்கிவிட்டது? இலையெல்லாம் ஓட்டையாக இருக்கிறது, ஆனால் ஒரு பூச்சிகூடக் கண்ணில் படவில்லையே, தின்பது எது?

இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் முதலில் ஒன்று தெரிய வேண்டும்: அது எந்த நேரத்தில் நடந்தது? காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம் தோட்டத்தில் நிற்கிறோம். மீதி இருபத்து மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் செடி தனியாக இருக்கிறது. அந்த நேரத்தில் நடந்ததை ஊகித்துத்தான் பலர் மருந்துக் கடைக்குப் போகிறார்கள். ஊகம் தவறினால் தேவையில்லாத பூச்சிக்கொல்லி நம் வீட்டுச் சமையலுக்குப் போகும் காயின் மேல் விழுகிறது.

இந்த இடைவெளியை நிரப்ப எளிய வழி ஒன்று உண்டு. டைம்லேப்ஸ் எனப்படும் காலச்சுருக்கப் படப்பிடிப்பு. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ஸ்மார்ட்போன் ஒன்று இதற்குப் போதும்.

டைம்லேப்ஸ் என்றால் என்ன?

கேமராவை ஓரிடத்தில் அசையாமல் பொருத்தி, சீரான இடைவெளியில், எடுத்துக்காட்டாக ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் என்று எடுத்துக்கொண்டே போக வேண்டும். பிறகு அந்தப் படங்களை வரிசையாக அடுக்கி, ஒரு விநாடிக்கு 25 படங்கள் வீதம் ஓடவிட வேண்டும். ஒரு நாள் முழுவதும் நடந்தது பத்துப் பன்னிரண்டு விநாடியில் கண்முன் ஓடும்.

செடிகளும் அசைகின்றன, ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாத அளவு மெதுவாக. சார்லஸ் டார்வின் தம் மகன் பிரான்சிஸுடன் சேர்ந்து செடி நுனியின் நகர்வைக் கண்ணாடித் தகட்டில் புள்ளி புள்ளியாகக் குறித்து, 1880-இல் செடிகளின் இயக்கம் பற்றி ஒரு நூலே எழுதினார். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பெஃபர் 1898 முதல் 1900 வரை செடிகளின் வளர்ச்சியையும் அசைவையும் இதே முறையில் திரைப்படமாக எடுத்தார். 1910-இல் இங்கிலாந்தின் பெர்சி ஸ்மித் பூக்கள் விரிவதைப் படமாக்கித் திரையரங்குகளில் காட்டினார். நம் நாட்டில் ஜகதீஷ் சந்திர போஸ், செடியின் வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியை உருவாக்கினார். இவர்கள் எல்லாருடைய நோக்கமும் ஒன்றுதான்: மெதுவாக நடப்பதைக் கண்ணால் பார்ப்பது.

இன்றும் இது ஆராய்ச்சிக் கருவியாக இருக்கிறது. அமெரிக்காவில் 2008-இல் தொடங்கிய ஃபீனோகேம் என்ற வலையமைப்பு, காடுகளையும் வயல்களையும் நிலையான கேமராக்களால் தொடர்ந்து படமெடுத்து, இலை எப்போது துளிர்க்கிறது, எப்போது பழுக்கிறது என்று கணிக்கிறது. அதே வேலையைச் சிறிய அளவில் உங்கள் மாடியில் நீங்களும் செய்யலாம்.

முதலில் கேள்வி, பிறகு கேமரா

புதியவர்கள் பலர் முழுத்தோட்டமும் தெரியும்படி கேமராவை வைத்து மூன்று நாள் ஓடவிடுகிறார்கள். கடைசியில் பச்சையாக ஏதோ ஆடுவது தவிர ஒன்றும் தெரிவதில்லை. ஒரு படத்துக்கு ஒரு கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இந்தப் பூ எத்தனை மணிக்கு விரிகிறது?', 'இந்தச் செடி வாடியபின் எப்போது நிமிர்கிறது?', 'இந்தப் பையில் ஊற்றிய தண்ணீர் எவ்வளவு நேரத்தில் வடிகிறது?' என்பவை நல்ல கேள்விகள். கேள்வி முடிவானால் எவ்வளவு அருகில் வைக்க வேண்டும், எத்தனை மணி நேரம் ஓட வேண்டும், இடைவெளி என்ன என்பவை தாமாகவே முடிவாகிவிடும்.

இடைவெளியைக் கணக்கிடுவது எப்படி?

கணக்கு எளிது. நீங்கள் விரும்பும் வீடியோவின் நீளத்தை 25-ஆல் பெருக்கினால் தேவைப்படும் படங்களின் எண்ணிக்கை வரும். நிகழ்வு நடக்கும் மொத்த நேரத்தை அந்த எண்ணால் வகுத்தால் இடைவெளி வரும்.

பீர்க்கம்பூ விரிவதை மாலை 4 மணி முதல் 8 மணி வரை எடுக்கிறீர்கள் என்று கொள்வோம். 4 மணி நேரம் என்பது 14,400 விநாடி. 20 விநாடி வீடியோ வேண்டுமானால் 500 படங்கள் தேவை. வகுத்தால் 28.8 வருகிறது. 30 விநாடிக்கு ஒரு படம் என்று வையுங்கள். 480 படங்கள் கிடைக்கும். 19 விநாடி ஓடும்.

நம் தோட்டத்துக்குப் பொருந்தும் சில அளவுகள்:

- மேகம், மழை திரளுதல்: 3 விநாடிக்கு ஒன்று, 20 நிமிடத்தில் 400 படங்கள்.
- வளர்ப்புப் பையில் நீர் வடிதல்: 5 விநாடிக்கு ஒன்று, 30 நிமிடத்தில் 360 படங்கள்.
- பீர்க்கு, சுரை, மல்லிகை பூ விரிதல்: 30 விநாடிக்கு ஒன்று; 4 மணி நேரத்தில் 480 படங்கள்.
- பாகல், பீர்க்கு பற்றுக்கம்பி சுற்றுதல்: 1 நிமிடத்துக்கு ஒன்று; 6 மணி நேரத்தில் 360 படங்கள்.
- செடி வாடி நிமிர்தல்: 5 நிமிடத்துக்கு ஒன்று; 24 மணி நேரத்தில் 288 படங்கள்.
- பச்சைப்பயறு முளைத்தல்: 10 நிமிடத்துக்கு ஒன்று, 48 மணி நேரத்தில் 288 படங்கள்.
- நெல், விதைப்பு முதல் அறுவடை வரை: நாளுக்கு ஒன்று; 120 நாளில் 120 படங்கள். இதை விநாடிக்கு 12 படங்கள் வீதம் ஓட்டினால் 10 விநாடி வரும்.

சந்தேகம் இருந்தால் இடைவெளியைக் குறைத்தே வையுங்கள். கூடுதல் படங்களைப் பிறகு நீக்கிவிடலாம். எடுக்காத படத்தைத் திரும்பப் பெற முடியாது.

செல்போனில் உள்ள டைம்லேப்ஸ் வசதி போதுமா?

சில மணி நேரத்துக்குள் முடியும் வேலைகளுக்குப் போதும். செல்போன்களில் 10 மடங்கு, 60 மடங்கு, 120 மடங்கு என்று வேகம் கொடுத்திருப்பார்கள். வீடியோ விநாடிக்கு 30 படங்கள் வீதம் ஓடினால், 60 மடங்கு என்பது 2 விநாடிக்கு ஒரு படம். 120 மடங்கு என்பது 4 விநாடிக்கு ஒரு படம். 120 மடங்கில் ஒரு முழு நாளை எடுத்தால் 12 நிமிட வீடியோ வரும். அதை உட்கார்ந்து யாரும் பார்க்க மாட்டார்கள். மேலும் அது முடியும்வரை போன் தொடர்ந்து வேலை செய்வதால் சூடேறும்.

நாள் கணக்கில் எடுக்க, இடைவெளி விட்டுத் தனித்தனிப் படங்களாக எடுக்கும் செயலி தேவை. ஆண்ட்ராய்டு போன்களுக்கான ஓப்பன் கேமரா என்ற இலவசச் செயலியில், குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்பப் படமெடுக்கும் வசதி இருக்கிறது. தனிப்படங்களாக இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒவ்வொரு படத்திலும் எடுத்த நேரம் பதிவாகியிருக்கும். 'பூ 5.40-க்கு விரியத் தொடங்கியது' என்று நிமிடக் கணக்கில் சொல்லலாம். பயிருக்கு மருத்துவம் பார்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கு வீடியோவைவிட அந்த நேரக்குறிப்புதான் அதிகம் உதவும்.

போனைத் தயார் செய்தல்

1. தேவையற்ற கோப்புகளை நீக்கி இடம் ஒதுக்குங்கள். ஒரு படம் 4 எம்பி என்றால் 288 படங்களுக்கு 1 ஜிபிக்கு மேல் ஆகும். படத்தின் அளவை ஒரு படி குறைத்துக்கொண்டால் போதும். தெளிவு பெரிதாகக் குறையாது.
2. ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். இடையில் அழைப்பு வந்தால் படப்பிடிப்பு நின்றுவிடக்கூடும்.
3. பேட்டரியைச் சேமிக்கும் அமைப்பு செயலியை நடுவில் நிறுத்திவிடும். அந்தச் செயலிக்கு மட்டும் அதிலிருந்து விலக்குக் கொடுங்கள்.
4. திரை வெளிச்சத்தை மிகக் குறைவாக வையுங்கள்.
5. லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். ஏசி அறையிலிருந்து நேரே மாடிக்குக் கொண்டுபோனால் நம் ஊர் ஈரக்காற்றில் லென்ஸ் மேல் பனி படியும். இருபது நிமிடம் வெளியே வைத்திருந்து, தெளிந்த பிறகு தொடங்குங்கள்.

அடுத்து மிக முக்கியமானது பூட்டுதல். செல்போன் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தையும் ஃபோகஸையும் புதிதாகக் கணக்கிடும். அப்படி விட்டால் வீடியோ ஓடும்போது வெளிச்சம் கூடிக் குறைந்து மினுமினுக்கும். திரையில் செடியின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். நிறச் சமநிலையையும் தானியங்கியில் விடாமல் 'பகல் வெளிச்சம்' என்று நிலையாக வையுங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: பகலும் இரவும் சேர்த்து எடுக்கும்போது வெளிச்சத்தைப் பூட்டினால் இரவுப் படங்கள் இருண்டுவிடும். அப்போது ஃபோகஸையும் நிறத்தையும் மட்டும் பூட்டி, வெளிச்சத்தைத் தானியங்கியில் விடுங்கள்.

அசையாத ஸ்டாண்டு

டைம்லேப்ஸில் கேமரா ஒரு நூல் நகர்ந்தாலும் வீடியோ குதிக்கும். கடையில் விற்கும் இலேசான ட்ரைபாட் மாடிக் காற்றுக்குத் தாங்காது. பழைய பெயிண்ட் வாளியின் நடுவில் முக்கால் அங்குல பிவிசி பைப்பை நிறுத்திச் சிமெண்ட் கலவையை ஊற்றுங்கள். இறுகியபின் பைப்பின் மேல் செல்போன் ஹோல்டரைப் பொருத்தினால், புயல் எச்சரிக்கை இல்லாத நாள்களில் அது அசையாது. ட்ரைபாட்தான் இருக்கிறது என்றால் அதன் நடுவில் மணல் மூட்டையைக் கட்டித் தொங்கவிடுங்கள். பந்தல் கம்பியிலோ செடியின் குச்சியிலோ போனைக் கட்ட வேண்டாம். செடியோடு சேர்ந்து கேமராவும் ஆடும்.

வாளி நிற்கும் இடத்தைச் சுற்றித் தரையில் பெயிண்டால் கோடு போட்டுவையுங்கள். மாடி கழுவும்போது நகர்த்தினாலும் அதே இடத்தில் திரும்ப வைக்கலாம்.

வெயில், காற்று, மழை: நம் ஊருக்கான கவனிப்புகள்

வெயில்: தாம்பரம் ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் நண்பகல் சூரியன் நமக்குத் தெற்கே இருப்பதால், கேமராவைத் தெற்கில் நிறுத்தி வடக்கு நோக்கிப் பார்க்கவைத்தால் லென்ஸுக்குள் வெயில் விழாது. ஆனால் ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சூரியன் நமக்கு வடக்கே நகர்கிறது. அந்த மாதங்களில் காலை, மாலை வெயில் வடகிழக்கிலும் வடமேற்கிலும் இருந்து சாய்வாக வரும். போனுக்கு மேல் ஒரு அட்டை மறைப்பு வைத்து, காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை திரையைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

சூடு: பல செல்போன்கள் சுமார் 35 டிகிரி வரையிலான சூழலில் வேலை செய்வதற்கே வடிவமைக்கப்பட்டவை. மீனம்பாக்கத்தில் மே மாத வெயில் 40 டிகிரியைத் தொடும் நாள்கள் உண்டு. மொட்டைமாடித் தரை அதைவிடக் கொதிக்கும். போனை எப்போதும் நிழலில் வையுங்கள். பின் உறையைக் கழற்றிவிடுங்கள். வேகமாகச் சார்ஜ் ஏற்றும் சார்ஜர் வேண்டாம். சாதாரணப் பழைய சார்ஜரோ பவர் பேங்கோ போதும். பழைய போனின் பின்பக்கம் சற்று உப்பியிருந்தாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது. உப்பிய பேட்டரி தீப்பிடிக்கும்.

காற்று: நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று வந்துவிட்டால் செடி நிற்காது. படத்தில் இலைகள் துள்ளும். பூவை மட்டும் எடுக்கிறீர்கள் என்றால் அந்தக் காம்பைச் சிறு குச்சியோடு தளர்வாகக் கட்டுங்கள். கிழக்குப் பக்கம் நிழல்வலையை மறைப்பாகத் தொங்கவிடுவதும் உதவும்.

மழை: அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மின்கம்பியை மாடிக்கு இழுக்கவே வேண்டாம். பவர் பேங்க் மட்டும் பயன்படுத்துங்கள். மற்ற மாதங்களில் இழுத்தாலும் வீட்டில் ஆர்சிசிபி பொருத்தியிருக்க வேண்டும். இணைப்புகள் தரையில் கிடக்கக் கூடாது. இடி இடித்தால் படப்பிடிப்பை விட்டுவிட்டுக் கீழே இறங்குங்கள்.

அக்கம்பக்கம்: பக்கத்து வீட்டு ஜன்னலோ மாடியோ படத்தில் விழாத கோணத்தைத் தேர்ந்தெடுங்கள். விமானப்படை நிலையத்துக்கு அருகில் வசிப்பவர்கள் அந்த வளாகம் தெரியும்படி கேமரா வைக்கக் கூடாது. மேலிருந்து எடுக்கலாமே என்று ட்ரோன் வாங்கவும் வேண்டாம். மீனம்பாக்கம் விமான நிலையமும் விமானப்படை நிலையமும் அருகருகே உள்ள பகுதி இது. அனுமதியில்லாமல் பறக்கவிடுவது குற்றம்.

முதல் பயிற்சி: பச்சைப்பயறு

மாடிக்குப் போகும் முன் வீட்டுக்குள் ஒரு பயிற்சி செய்யுங்கள். பச்சைப்பயறை எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணி விரித்த தட்டில் பத்துப் பயறை இடைவெளி விட்டு வையுங்கள். கேமராவை மேலிருந்து நேராகப் பார்க்கும்படி பொருத்தி, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வையுங்கள். 10 நிமிடத்துக்கு ஒரு படம், 48 மணி நேரம். அறையில் காற்று இல்லை, வெயில் மாறுவதில்லை. ஜன்னல் வெளிச்சத்தை மறைத்துவிட்டு ஒரே ஒரு சிறிய எல்இடி விளக்கை எரியவிட்டால் மினுமினுப்பும் வராது. துணி காய்ந்தால் தட்டை நகர்த்தாமல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள்.

இது விளையாட்டு மட்டுமல்ல. ஆடிப்பட்டத்துக்கு வாங்கிய விதையின் முளைப்புத்திறனையும் இதே முறையில் பார்க்கலாம். பத்தில் எத்தனை முளைத்தன என்பதோடு, எல்லாம் ஒரே நேரத்தில் முளைத்தனவா, முன்பின்னாக முளைத்தனவா என்பதும் தெரியும். ஒன்றுபோல முளைக்காத விதை வீரியம் குறைந்த விதை.

பூ விரியும் நேரமும் பிஞ்சு உதிர்தலும்

இனி முதல் கேள்விக்கு வருவோம். பூசணி, வெள்ளரி, பாகல் பூக்கள் விடியற்காலையில் விரிகின்றன. பீர்க்கு, சுரை, புடலை மாலையில் விரிகின்றன. பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு இருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவைச் சேராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். அடுக்குமாடிகளுக்கு நடுவே உள்ள மாடித்தோட்டங்களில் தேனீயும் அந்துப்பூச்சியும் குறைவு என்பதால் இது அதிகம்.

பலர் காலை காபியோடு மாடிக்கு வந்து பீர்க்கம்பூவில் மகரந்தம் தடவுகிறார்கள். முந்தைய நாள் மாலையிலேயே விரிந்த பூவுக்கு அது காலம் கடந்த வேலை. ஒரு பெண் மொட்டையும் ஒரு ஆண் மொட்டையும் ஒரே சட்டத்துக்குள் வைத்து, மாலை 4 முதல் 8 வரை எடுத்துப் பாருங்கள். உங்கள் மாடியில் எந்த நேரத்தில் பூ விரிகிறது, எந்தப் பூச்சியாவது வந்து அமர்கிறதா என்று தெரிந்துவிடும். அமரவில்லை என்றால் மறுநாள் அதே நேரத்தில் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் சூல்முடியில் மெல்லத் தடவுங்கள்.

இன்னொரு பயனும் உண்டு. தேனீக்களைக் காக்க மாலையில் மருந்து தெளிக்கச் சொல்வது பொதுவான பரிந்துரை. பீர்க்கு, சுரை போன்றவற்றில் அந்த நேரம்தான் பூ விரியும் நேரம். வேப்பெண்ணெய்க் கரைசலாக இருந்தாலும் பூவின் மேல் படாமல் இலைக்கு மட்டும் தெளிக்க வேண்டும்.

வாடிய செடி நிமிர்கிறதா?

கத்தரி, தக்காளிச் செடி வாடினால் உடனே தண்ணீர் ஊற்றுவதுதான் பலரது பழக்கம். வாடல் இரண்டு வகை. நண்பகல் வெயிலில் தளர்ந்து, மாலையில் தானாக நிமிர்ந்தால் அது வெப்பத்தாலும் நீர்ப் பற்றாக்குறையாலும் வந்தது. நிழல்வலையும் மூடாக்கும் போதும். இரவு முழுவதும் கழிந்தும் விடியலில் நிமிரவில்லை என்றால் வேரில் கோளாறு. அதிக நீரால் வேர் அழுகியிருக்கலாம், நூற்புழு இருக்கலாம், பாக்டீரியா வாடல் நோயாகவும் இருக்கலாம்.

5 நிமிடத்துக்கு ஒரு படம் என்று 24 மணி நேரம் எடுத்தால் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். பக்கத்தில் நலமான செடி ஒன்றையும் சட்டத்துக்குள் வையுங்கள். ஒப்பிட ஒன்று இல்லாவிட்டால் எந்தப் படமும் பாதிக் கதைதான் சொல்லும். விடியலில் நிமிராத செடியின் தண்டை அடியில் வெட்டி, கண்ணாடி டம்ளரில் உள்ள தெளிந்த நீரில் நுனியைத் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் பால்போன்ற வெண்ணிற இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்தச் செடியை மண்ணோடு அப்புறப்படுத்துங்கள். அந்தப் பையில் மறுபடி தக்காளி, கத்தரி, மிளகாய் வைக்க வேண்டாம்.

இரவில் வருவது யார்?

இலைத் துளைகளுக்குக் காரணம் பெரும்பாலும் இரவில் மேயும் புரோடீனியா புழு அல்லது நத்தை. மழைக்காலத்தில் தென்சென்னைப் புறநகரில் பெரிய ஆப்பிரிக்க நத்தையின் தொல்லை அதிகம். இரவு 7 முதல் காலை 5 வரை 5 நிமிடத்துக்கு ஒரு படம், மொத்தம் 120 படங்கள். விளக்கை இரவெல்லாம் எரியவிடாதீர்கள். வெளிச்சம் வேறு பூச்சிகளை ஈர்க்கும். சாமந்தி போன்ற செடிகளுக்கு நீண்ட இருள் கிடைக்காவிட்டால் பூப்பதும் தள்ளிப்போகும். படமெடுக்கும் நொடியில் மட்டும் ஃபிளாஷ் எரிந்தால் போதும்.

வருவது நத்தை என்று தெரிந்தால் பூச்சிக்கொல்லியால் பயனில்லை. இரவில் கையுறை அணிந்து பொறுக்கி, உப்புக் கரைசலில் போடுங்கள். புழு என்றால் வருகிற நேரத்துக்கு டார்ச்சோடு போய்க் கையால் எடுத்துவிடலாம். பத்துப் பைகள் உள்ள தோட்டத்துக்கு இது இரண்டு இரவு வேலை. மருந்துச் செலவும் இல்லை, மருந்து பட்ட கீரையும் இல்லை.

நாளுக்கு ஒரு படம்: எல்லாராலும் முடிந்த முறை

போனை நாள் முழுவதும் விட முடியாதவர்களுக்கும், படப்பை, மணிமங்கலம் பக்கம் வயல் வைத்திருப்பவர்களுக்கும் ஏற்ற முறை இது. வயல் வரப்பில் ஒரு கல்லோ கம்பமோ நட்டு, அதன் மேல் போனை வைக்க ஒரு பள்ளம் வெட்டுங்கள். தினமும் காலை 8 மணிக்கு, அதே போனால், அதே கோணத்தில் ஒரு படம். பயிருக்குள் 10 செ.மீ.க்கு ஒரு கோடு பெயிண்ட் அடித்த குச்சியை நட்டால் உயரமும் பதிவாகும்.

இதே முறையில் நீர்நிலைகளையும் பதிவு செய்யலாம். சிட்லபாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை ஏரிக்கரைகளில் ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து வாரம் ஒரு படம் எடுத்தால் ஓராண்டில் 52 படங்கள். ஏரி எப்போது நிரம்பியது, ஆகாயத்தாமரை எப்போது பரவியது, நீர் எந்த மாதம் வற்றியது என்பது ஐந்து விநாடியில் தெரியும். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது, முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. தண்ணீர் எந்தப் பக்கம் இருந்து முதலில் ஏறியது, எத்தனை மணி நேரம் நின்றது என்பது அடுத்த மழைக்கு முன் வாய்க்கால் வெட்டுபவருக்குத் தேவையான செய்தி. பாதுகாப்பான உயரத்தில் இருக்கும் உங்கள் ஜன்னலிலிருந்து 5 நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்து வைத்தாலே அது பதிவாகும். வெள்ளத்தில் இறங்கிப் படமெடுக்க வேண்டாம்.

பயிர்க் காப்பீடு செய்தவர்களுக்கு ஒரு குறிப்பு. திட்டத்தில் சேர்ந்துள்ள உள்ளூர்ப் பேரிடர்களால் பாதிப்பு ஏற்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தேதி வாரியான உங்கள் படங்கள் விளக்கம் சொல்ல உதவும். ஆனால் அவை அதிகாரபூர்வ ஆய்வுக்கு மாற்றாகாது. படம் சேர்த்துக்கொண்டே கெடுவைத் தவறவிடாதீர்கள்.

படங்களைச் சேர்த்தல்

பெரும்பாலான வீடியோ தயாரிப்புச் செயலிகளில் படங்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் 0.04 விநாடி என்று கொடுத்தால் விநாடிக்கு 25 படங்கள் ஆகும். அவ்வளவு குறைந்த நேரத்தை ஏற்காத செயலி என்றால், அது அனுமதிக்கும் குறைந்தபட்ச நேரத்தில் வீடியோ செய்து, பிறகு அதன் வேகத்தைக் கூட்டுங்கள். பாட்டு, எழுத்து எதுவும் முதலில் வேண்டாம். மூலப் படங்களைக் கேள்விக்கு விடை கிடைக்கும்வரை அழிக்காதீர்கள்.

கூடவே ஒரு நோட்டுப்புத்தகம் வையுங்கள். தேதி, செடி, ரகம், இடைவெளி, தண்ணீர் விட்ட நேரம், இட்ட உரம், தெளித்த மருந்து ஆகியவற்றை எழுதுங்கள். வீடியோவில் செடி நிமிர்வது தெரியும். நிமிர்ந்ததற்கு முன் நீங்கள் தண்ணீர் ஊற்றினீர்களா என்பது நோட்டில்தான் இருக்கும்.

வீடியோவால் சொல்ல முடியாதவை

மண்ணுக்குள் நடப்பதை வீடியோ காட்டாது. இலையின் பச்சை நிறம் போனுக்குப் போன், வெயிலுக்கு வெயில் மாறும் என்பதால், படத்தின் நிறத்தை வைத்து யூரியா அளவைத் தீர்மானிக்கக் கூடாது. அதற்கு இலை வண்ண அட்டையையும் மண் பரிசோதனையையும் பயன்படுத்துங்கள். நோயை உறுதிசெய்ய செடியை நேரில் பார்த்தாக வேண்டும்.

நீங்கள் எடுத்ததை அருகிலுள்ள தோட்டக்கலை அலுவலரிடமோ காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டி ஆலோசனை பெறலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள்; தெளிவும் நேரப்பதிவும் குறையாமல் வரும். வீடியோவோடு மூன்று மூலப் படங்கள் போதும்: மாற்றம் தொடங்குமுன் ஒன்று, தொடங்கியபோது ஒன்று, முடிந்தபின் ஒன்று.

இந்த வார இறுதியில் பச்சைப்பயறை ஊறவைத்துத் தொடங்குங்கள். அது சரியாக வந்ததும் போனை மாடிக்கு எடுத்துச் செல்லுங்கள். அடுத்த முறை ஒரு செடி வாடினால், மருந்து வாங்கக் கிளம்பும் முன் அதற்கு ஒரு நாள் கேமரா முன்னால் நேரம் கொடுங்கள்.